மைனஸ் 10 டிகிரியிலும் வாக்கிங்: பின்லாந்தில் முதல் குளிர்காலத்தைக் கடப்பது எப்படி?

டிசம்பர் மூன்றாவது வாரத்தில் ஹெல்சின்கியில் சூரியன் உதிக்கவே காலை சுமார் 9.25 மணி ஆகிவிடும். பிற்பகல் 3.15-க்குள் அஸ்தமனம். மொத்தப் பகல் 6 மணி நேரம்கூடக் கிடையாது. அதிலும் பாதி நாள் மேகம்தான். ஆண்டின் மிகக் குறுகிய நாளில்கூட 11 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் பார்த்துப் பழகிய சென்னைக்காரருக்கு இது சாதாரண மாற்றம் இல்லை.

பின்லாந்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. எஸ்போ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நோக்கியா, 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தொழிற்சாலையைத் தொடங்கியது. 2014-ல் அது மூடப்பட்டது. ஆனால் சாஃப்ட்வேர், டெலிகாம், ஆராய்ச்சி, செவிலியர் பணி என்று இங்கிருந்து அங்கே போகிறவர்கள் இருந்துகொண்டேதான் இருக்கிறார்கள். வேலை, சம்பளம், வீட்டு வாடகை பற்றியெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். விசாரிக்காமல் விடுவது ஒன்றுதான்: "தினமும் வெளியே போய் எப்படி நடக்கிறது?"

உடம்பு, மனசு, நட்பு என மூன்றும் அந்த ஒரு கேள்வியில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

நவம்பர் ஏன் டிசம்பரைவிட மோசம்?

குளிர்தான் பெரிய எதிரி என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே நீண்ட நாள் இருப்பவர்களைக் கேட்டால், "குளிர் பழகிடும், இருட்டுதான் பழகாது" என்பார்கள்.

நவம்பரில் மரங்களில் இலை இருக்காது. பனியும் விழுந்திருக்காது. மழை, சேறு, சாம்பல் நிற வானம். அந்த மாதத்தின் பின்னிஷ் பெயர் 'மர்ரஸ்கூ'. மரணத்தைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்த பெயர் அது. டிசம்பர், ஜனவரியில் பனி விழுந்துவிட்டால் நிலைமை கொஞ்சம் தேவலாம். தெருவிளக்கின் வெளிச்சத்தையும் நிலா வெளிச்சத்தையும் வெள்ளைத் தரை திருப்பி அனுப்புவதால், ஊரே கொஞ்சம் பிரகாசமாகத் தெரியும்.

வடகோடியில் உள்ள உட்ஸ்யோகியில் சூரியன் ஏறக்குறைய 7 வாரங்களுக்குத் தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. ஹெல்சின்கி அந்த அளவுக்கு மோசம் இல்லை. ஆனால் இருட்டில் ஆபீஸ் போய், இருட்டில் வீடு திரும்பும் ஒருவருக்கு, வார நாட்களில் சூரியனைப் பார்ப்பதே அரிது.

வெளிச்சம் குறைந்தால் உடம்பில் என்ன நடக்கிறது?

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது, எப்போது பசி எடுப்பது என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது. கண்ணில் படும் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் அந்தக் கடிகாரம் தன்னைத் தினமும் சரிசெய்துகொள்கிறது. வெளிச்சம் இல்லையென்றால், தூக்கத்துக்கான மெலடோனின் ஹார்மோன் குறைய வேண்டிய நேரத்தில் குறையாது. காலையில் எழுந்திருக்கவே முடியாது. பகலெல்லாம் அசதி. மாவுச்சத்து, இனிப்பு மீது ஆசை கூடும். யாரையும் பார்க்கப் பிடிக்காது.

சிலருக்கு இது அதோடு நிற்பதில்லை. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தத்தில் விலகும் மனச்சோர்வாக மாறிவிடுகிறது. மருத்துவத்தில் இதைப் 'பருவகால மனச்சோர்வு' என்கிறார்கள். இது சோம்பேறித்தனம் இல்லை, சிகிச்சை உள்ள ஒரு பிரச்சினை.

இங்கேதான் நடைப்பயிற்சி வருகிறது. மேகமூட்டமான பகலில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம், ஆபீஸ் அறையின் விளக்கு வெளிச்சத்தைவிடப் பல மடங்கு அதிகம். கண்ணுக்கு அப்படித் தெரியாது. ஏனென்றால் கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஆனால் உடல் கடிகாரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியும். அதனால் மாலை 5 மணிக்கு ஒரு மணி நேரம் ஓடுவதைவிட, மதியம் 12 மணிக்கு 25 நிமிடம் நடப்பது டிசம்பரில் அதிகப் பலன் தரும். மதிய உணவை 11 மணிக்கே முடித்துவிடும் பின்லாந்து ஆபீஸ் பழக்கம் இதற்கு வசதியாக இருக்கிறது.

"சாப்பிட்ட உடனே எங்கே போறீங்க?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவர்களும் நடக்கத்தான் போகிறார்கள்.

அப்படியானால் வைட்டமின் டி?

இதில்தான் பலர் குழம்புகிறார்கள். குளிர்கால நடை வெளிச்சத்தைத் தரும், வைட்டமின் டி-யைத் தராது.

தோலில் வைட்டமின் டி உருவாக, சூரிய ஒளியில் உள்ள யுவிபி கதிர்கள் வேண்டும். ஹெல்சின்கி 60 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. அங்கே சுமார் அக்டோபர் முதல் மார்ச் வரை சூரியன் மிகவும் தாழ்வாக இருப்பதால், இந்தக் கதிர்கள் போதிய அளவு தரைக்கு வந்து சேர்வதில்லை. கூடவே, நம்முடைய தோலில் மெலனின் அதிகம். வெயில் கொளுத்தும் ஊரில் அது பாதுகாப்பு. அங்கேயோ, கோடையில்கூட அதே அளவு வைட்டமின் டி உருவாக வெளிர்நிறத் தோல் உள்ளவரைவிட நமக்கு அதிக நேரம் வெயில் வேண்டும்.

பின்லாந்து அரசு இந்தப் பிரச்சினையை உணவு வழியாகக் கையாள்கிறது. 2003 முதல் பாலிலும் ரொட்டியில் தடவும் ஸ்ப்ரெட்களிலும் வைட்டமின் டி சேர்க்கப்படுகிறது. 2010-ல் அந்த அளவு இரட்டிப்பாக்கப்பட்டது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 10 மைக்ரோகிராம். மீன் சாப்பிடாத, பாலைவிடத் தயிரை அதிகம் நம்பும் சைவ உணவுக்காரர்களுக்கு உணவிலிருந்து மட்டும் இது கிடைப்பது கஷ்டம். கால் வலி, முதுகு வலி, காரணமில்லாத அசதி இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, டாக்டர் சொல்லும் அளவு மாத்திரை எடுப்பதே சரி. "வைட்டமின்தானே" என்று அள்ளிப் போட்டுக்கொள்வதும் ஆபத்துதான்.

நமக்கு மட்டும் ஏன் கூடுதல் அவசரம்?

தெற்காசியர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இளம் வயதிலேயே, அதுவும் குறைந்த உடல் எடையிலேயே வருகிறது என்பது மருத்துவ உலகம் அறிந்த விஷயம். ஆசியர்களுக்கு பிஎம்ஐ 23-ஐத் தாண்டும்போதே கவனம் தேவை என்று சொல்லப்படுவதும் இதனால்தான்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். லேப்டாப் வேலை. வெளியே இருட்டு. வீட்டுக்குள் 22 டிகிரி இதமான வெப்பம். ஆறுதலுக்குச் சோறும் சாம்பாரும் ஓடிடியும். 6 மாதம் இப்படிப் போனால் என்ன ஆகும்? வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முதல் குளிர்காலத்தில் இந்த அளவைத் தொடாதவர்கள் வசந்தத்தில் பேன்ட் பட்டன் போடும்போதுதான் விழித்துக்கொள்கிறார்கள்.

என்ன உடுத்திக்கொண்டு போவது?

"மோசமான வானிலை என்று ஒன்று இல்லை, மோசமான உடைதான் உண்டு" என்பது நார்டிக் நாடுகள் முழுக்கப் புழங்கும் பேச்சு. அது வெறும் பெருமைப் பேச்சு இல்லை, அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரே ஒரு கனமான ஜாக்கெட் போதாது. மூன்று அடுக்கு வேண்டும். உடம்பை ஒட்டி இருப்பது வியர்வையை வெளியே கடத்த வேண்டும். மெரினோ கம்பளி அல்லது ஸ்போர்ட்ஸ் துணி இதற்கு ஏற்றது. நடு அடுக்கு வெப்பத்தைப் பிடித்து வைக்க வேண்டும். வெளி அடுக்கு காற்றையும் ஈரத்தையும் தடுக்க வேண்டும். காட்டன் பனியன் மட்டும் கூடாது. அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். நின்ற அடுத்த நிமிடம் உடம்பு சில்லிட்டுப்போகும்.

இன்னொரு விதி: கதவைத் திறந்து வெளியே வரும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால், 10 நிமிட நடையில் வியர்த்துக் கொட்டும்.

மூக்கு, காது நுனி, கன்னம், விரல்கள் ஆகியவைதான் முதலில் பாதிக்கப்படும். அந்த இடம் மரத்துப்போய், வெளிறி, கெட்டியாகத் தோன்றினால் உடனே உள்ளே போய்விட வேண்டும். பனியைப் போட்டுத் தேய்க்கக் கூடாது. ஆஸ்துமா இருப்பவர்கள் கடும் குளிரில் ஓடுவதைத் தவிர்த்து, வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு நடப்பது நல்லது.

"வெளியே போகாதடா, சளி பிடிச்சுக்கும்" என்று ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் அம்மா சொல்வதற்கும் பதில் உண்டு. சளிக்குக் காரணம் வைரஸ். ஜன்னலை மூடிக்கொண்டு கூட்டமாக உள்ளேயே இருக்கும்போதுதான் அது எளிதாகப் பரவுகிறது. அங்கே சிறு குழந்தைகளைக்கூட டே கேரில் தினமும் வெளியே விளையாட விடுகிறார்கள். கைக்குழந்தைகளை நன்றாகப் போர்த்தி, குளிரில் தள்ளுவண்டியிலேயே தூங்க வைப்பதும் சர்வசாதாரணம்.

சின்னத் தகடு, பெரிய பாதுகாப்பு

பின்லாந்தில் பள்ளிக் குழந்தையிலிருந்து பாட்டி வரை கோட்டில் ஒரு சின்னத் தகடு தொங்குவதைப் பார்க்கலாம். அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. அது ரிஃப்ளெக்டர். இருட்டில் சாலையில் நடப்பவர்கள் அதை அணிய வேண்டும் என்று போக்குவரத்துச் சட்டமே சொல்கிறது.

காரணம் எளிது. லோ பீம் வெளிச்சத்தில் கறுப்பு ஜாக்கெட் போட்ட ஒருவர் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிவது சுமார் 50 மீட்டர் தூரத்தில்தான். ரிஃப்ளெக்டர் இருந்தால் 300 மீட்டருக்கு மேல் இருந்தே தெரியும். விலை சில யூரோதான். பல இடங்களில் இலவசமாகவே தருவார்கள்.

அடுத்த ஆபத்து காலுக்குக் கீழே. பனி உருகி, மீண்டும் உறையும் நாட்களில் நடைபாதை கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதன் மேல் தண்ணீரோ புதுப் பனியோ படர்ந்தால் இன்னும் மோசம். மணிக்கட்டு, இடுப்பு எலும்பு முறிவுகள் இந்த நாட்களில்தான் அதிகம். அடியில் உலோக ஆணிகள் பதித்த ஷூ, அல்லது சாதாரண ஷூவின் மேல் மாட்டும் ஆணிப் பட்டை வாங்கிவிட வேண்டும். "இதெல்லாம் வயசானவங்க போடுறது" என்று கூச்சப்படுபவர்களுக்கு முதல் வழுக்கலிலேயே கூச்சம் தெளிந்துவிடும். பென்குயின் மாதிரி சின்னச் சின்ன அடி வைத்து, உடம்பின் எடையை முன்காலில் வைத்து நடப்பதும் பலன் தரும்.

தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம்: வேலைக்குப் போய்வரும் வழக்கமான வழியில் வழுக்கி விழுந்து அடிபட்டால், அது சட்டப்படியான பணியாளர் விபத்துக் காப்பீட்டுக்குள் வரும். உடனே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும்.

எங்கே நடப்பது? காசு எவ்வளவு?

நாட்டின் நிலப்பரப்பில் சுமார் முக்கால் பங்கு காடு. ஏரிகள் மட்டும் 1.88 லட்சம். 'எல்லோருக்குமான உரிமை' என்று சொல்லத்தக்க ஒரு ஏற்பாடு அங்கே இருக்கிறது. நிலம் தனியாருக்குச் சொந்தமானதாக இருந்தாலும், யார் வேண்டுமானாலும் காட்டுக்குள் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், பனிச்சறுக்குச் செய்யலாம், காட்டுப் பழங்களும் காளானும் பறிக்கலாம். குடியுரிமை தேவையில்லை. நேற்று வந்து இறங்கியவருக்கும் அதே உரிமைதான்.

எல்லையும் உண்டு. வீட்டு முற்றம், பயிர் இருக்கும் வயல் பக்கம் போகக் கூடாது. நில உரிமையாளர் அனுமதியில்லாமல் நெருப்பு மூட்டக் கூடாது. குப்பை போடக் கூடாது.

ஹெல்சின்கியின் நடுவில் தொடங்கி வடக்கே சுமார் 10 கி.மீ. நீளும் கெஸ்குஸ்புயிஸ்தோ, பெயரில்தான் பூங்கா, உள்ளே போனால் காடு. பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் எஸ்போ பக்கம் நூக்ஸியோ தேசியப் பூங்கா இருக்கிறது. நாட்டில் மொத்தம் 41 தேசியப் பூங்காக்கள். எதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. குடியிருப்புகளை ஒட்டிய காடுகளில் விளக்குப் போட்ட ஓட்டப் பாதைகள் உண்டு. இருட்டான மாதங்களில் மாலை நடைக்கு அவைதான் கைகொடுக்கும்.

பனி விழுந்ததும் அதே பாதைகள் பலவும் பனிச்சறுக்குத் தடங்களாக மாறிவிடும். புதிதாக வந்தவர்கள் தெரியாமல் செய்யும் தப்பு இங்கேதான்: இயந்திரம் வைத்துக் கோடு போட்ட அந்தத் தடத்தில் ஷூவுடன் நடந்துபோவது. கூச்சல் போட்டுச் சண்டைக்கு வராத பின்லாந்துக்காரர்கூட இதற்குக் கோபப்படுவார். நடப்பதற்கென்று தனிப்பாதை இருக்கும், பலகையைப் பார்த்துப் போக வேண்டும்.

உறைந்த ஏரி, கடல் மேல் உள்ளூர்க்காரர்கள் நடப்பதைப் பார்த்து அப்படியே இறங்கிவிடக் கூடாது. நீரோட்டம் உள்ள இடத்திலும், பாலம், நாணல் பக்கத்திலும் பனிக்கட்டி மெலிதாக இருக்கும். பழகியவர்களே கழுத்தில் ஐஸ் ஊசிகளை மாட்டிக்கொண்டுதான் போகிறார்கள். முதல் ஆண்டு கரையிலிருந்து ரசிப்பதே போதும். போனில் '112 சுவோமி' செயலியை ஏற்றிவைத்தால், அவசர அழைப்பின்போது இருக்கும் இடம் தானாகவே கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும்.

செலவைப் பொறுத்தவரை, நிறுவனத்தின் ஹெச்.ஆர். அனுப்பும் மெயிலைக் கவனமாகப் படிக்க வேண்டும். உடற்பயிற்சி, கலாசாரச் செலவுகளுக்காக ஆண்டுக்கு 400 யூரோ வரை வரியில்லாத சலுகையாக நிறுவனங்கள் தர முடியும். நீச்சல் குளம், ஜிம், பாட்மிண்டன் கோர்ட் என்று எதற்கும் பயன்படுத்தலாம். பல நூலகங்களில் புத்தகத்தோடு விளையாட்டுச் சாமான்களையும் இரவல் தருகிறார்கள். ஒருமுறை முயன்று பார்க்க இதுவே போதும்.

வீட்டிலேயே இருப்பவர் நிலை என்ன?

வேலைக்குப் போகிறவருக்காவது ஆபீஸ் இருக்கிறது. கூட வந்த மனைவிக்கோ கணவனுக்கோ அதுவும் இல்லை. மொழி தெரியாது. பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது. "நான் யார்கிட்டயும் பேசி ரெண்டு நாள் ஆச்சு" என்ற வாக்கியம் பல வீடுகளில் முதல் குளிர்காலத்தில் கேட்கிறது. ஊரில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவர் என்றால் பாரம் இன்னும் அதிகம்.

பின்லாந்துக்காரர்கள் வலிய வந்து பேச மாட்டார்கள். அது வெறுப்பு இல்லை, அடுத்தவருடைய அமைதிக்குத் தரும் மரியாதை. ஆனால் ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும்போது பேச்சு தானாக வரும். அதனால்தான் வெளிப்புறப் பயிற்சி அங்கே நட்புக்கும் வழியாக இருக்கிறது. ஹெல்சின்கியின் தோகோயின்ரன்தா, தம்பெரே போன்ற இடங்களில் பார்க்ரன் என்ற 5 கி.மீ. நிகழ்ச்சி சனிக்கிழமை காலைகளில் இலவசமாக நடக்கிறது. ஓட வேண்டும் என்றில்லை, நடக்கலாம். குழந்தை உள்ளவர்களுக்கு ஹெல்சின்கி மாநகராட்சியின் விளையாட்டுப் பூங்காக்கள் உண்டு. பணியாளர்கள் இருப்பார்கள், மற்ற பெற்றோரும் வருவார்கள். கோடையில் கிரிக்கெட்டும் உண்டு, ஹெல்சின்கிக்கு வடக்கே கெரவாவில் தேசிய மைதானமே இருக்கிறது.

சவுனாவையும் விட்டுவிட முடியாது. சுமார் 56 லட்சம் மக்கள் உள்ள நாட்டில் ஏறக்குறைய 30 லட்சம் சவுனாக்கள். 2020-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இது சேர்ந்தது. பேசாத ஊர் கொஞ்சமாவது மனம் விட்டுப் பேசுவது அந்த நீராவி அறையில்தான். ரத்த அழுத்தமோ இதயப் பிரச்சினையோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சவுனாவிலிருந்து நேராகப் பனித் தண்ணீரில் குதிக்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால், நடைப்பயிற்சியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. வேலை செய்பவருக்குத் தொழில்சார் மருத்துவச் சேவையை ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் சட்டக் கடமை. மற்றவர்கள் பகுதி சுகாதார மையத்தை அணுகலாம். அங்கே ஆங்கிலத்தில் பேசி உதவி கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

கோடை வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

பெரும்பாலும். ஜூனில் ஹெல்சின்கியில் பகல் ஏறக்குறைய 19 மணி நேரம். இரவு 10 மணிக்கும் வெளிச்சத்தில் ஓடலாம். ஆனால் தூக்கம் கெடும். கனமான கறுப்புத் திரைச்சீலை வாங்குவது கட்டாயம்.

காட்டுக்குள் போகும்போது உண்ணிகளைக் கவனிக்க வேண்டும். லைம் நோயையும் மூளைக்காய்ச்சல் வைரஸையும் அவை பரப்பும். மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு, லைம் நோய்க்குக் கிடையாது. புல்வெளியில் நடந்துவிட்டு வந்தால் அன்று இரவே உடம்பு முழுக்கப் பார்த்துவிட வேண்டும். உண்ணி ஒட்டியிருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும்.

ஜூலை, ஆகஸ்டில் புளூபெர்ரி பறிக்கக் குடும்பத்தோடு போவது அருமையான அனுபவம். காளான் விஷயத்தில் மட்டும் வீரம் வேண்டாம். ஊரில் சாப்பிடும் வெள்ளைக் காளான் மாதிரியே இருக்கும் கொடிய விஷக் காளான் அந்தக் காடுகளில் வளர்கிறது. தெரிந்த ஒருவர் கூட வந்து காட்டித் தராமல் எதையும் கூடையில் போடக் கூடாது.

இந்த இலையுதிர் காலத்தில் அங்கே போகப்போகிறவர்கள் செப்டம்பரிலேயே தொடங்கிவிட வேண்டும். வெளிச்சமும் மிதமான குளிரும் இருக்கும்போதே வீட்டைச் சுற்றியுள்ள பாதைகளை நடந்து பார்த்துப் பழகிக்கொள்ளலாம். அக்டோபர் இறுதிக்குள் ரிஃப்ளெக்டர், ஆணி ஷூ, கம்பளி உள்ளாடை ஆகிய மூன்றும் வாசலுக்குப் பக்கத்தில் தயாராக இருக்கட்டும். நவம்பரில் "இன்னைக்கு வேணாம், நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று மனசு சொல்லும். அந்த நேரத்தில் தேடி எடுக்க எதுவும் மிச்சம் இல்லையென்றால், ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புவது ரொம்பவே சுலபம்.